உறுதியில் எழுதிய கள்ளி எது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை தரம் 9 வகுப்பில் ஒரு மாணவி ட்ராகன் புரூட் ஒன்றைக் கொண்டுவந்து, "சேர், இது நாகதாளிப் பழத்துக்குச் சொந்தமா?" என்று கேட்டாள். ஓம், ஒரே குடும்பம்தான் என்றேன். பின்வாங்கிலிருந்து ஒருவன், "நாகதாளியும் கள்ளியும் ஒண்டுதானே சேர்?" என்றான். அதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்காக எங்கள் குடும்பம் ஒரு காணியை இரண்டு முறை அளந்திருக்கிறது.

எங்களுக்குப் பூர்வீகம் மன்னார், முசலிப் பக்கம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் கைக்குழந்தை. புத்தளத்தில் வளர்ந்தேன். யுத்தம் முடிந்த பிறகு மாமா காணியைப் பார்க்கப் போனார். இருபது வருசக் காடு. கிணறு எது, வளவு எது என்று தெரியவில்லை. கையில் இருந்தது உம்மம்மா பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த பழைய உறுதி மட்டும். அதில் கிழக்கு எல்லை "கள்ளி வேலி" என்று எழுதியிருந்தது.

காட்டை வெட்டியபோது கிழக்கே இரண்டு வரிசை தெரிந்தது. உள்ளே நாகதாளிப் பற்றை. அதற்கு அப்பால் சில முழம் தள்ளி, பட்டும் படாமலும் நின்ற சதுரக்கள்ளி அடிமரங்கள். பக்கத்துக் காணிக்காரர் நாகதாளியைக் காட்டி, "இதுதானே கள்ளி வேலி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வாயில் இரண்டுக்கும் அதுதான் பெயர். உம்மம்மாவைக் கேட்டோம். "பால் வராததெல்லாம் கள்ளியாடா மகன்?" என்றார். மாமா சதுரக்கள்ளியில் கத்தியால் கீறினார், பால் வடிந்தது. நாகதாளியில் கீறினார், கொழகொழவென்று தண்ணீர்தான். கடைசியில் இரண்டு வரிசைக்கும் நடுவே கம்பி இழுத்துச் சமாதானமானோம். அது வேறு கதை.

ஆனால் உம்மம்மா சொன்னது தாவரவியல். கள்ளி என்பது தமிழில் மிகப் பழைய சொல். சங்கப் பாடல்களில் பாலை நிலத்திலும் சுடுகாட்டிலும் நிற்கும் கள்ளி, இன்று விஞ்ஞானத்தில் யூபோர்பியா என்கிற, பால் வடியும் இனம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் அந்த வகை. கக்டஸ் குடும்பம் அப்போது இந்தப் பக்கமே இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. கொலம்பஸ் 1492இல் அங்கே போன பிறகுதான் நாகதாளி கடல் தாண்டியது. ஒரேயொரு விதிவிலக்கு ரிப்சாலிஸ் என்ற, மரத்தில் தொங்கும் முள்ளில்லாக் கொடி. அமெரிக்காவிலும் ஆபிரிக்காவிலும் நம் நாட்டு மழைக்காடுகளிலும் அது இயற்கையாக இருக்கிறது. வவுனியா வெயிலில் அதைத் தேட வேண்டாம்.

புதிதாக வந்த செடியைக் கண்டதும் எம்மவர்கள் பழைய பெயரை எடுத்துக் கொடுத்தார்கள். இந்தியாவில் சப்பாத்திக்கள்ளி. பாம்பின் படம் மாதிரி என்பதால் நாகதாளி. ஹிந்திக்காரரும் நாகபணி என்று அதே பாம்பைத்தான் பார்த்திருக்கிறார்கள். சிங்களத்தில் இந்தக் குழப்பம் இல்லை: சதுரக்கள்ளி தளுக், நாகதாளி கட்டு பதொக். நம் எல்லை உறுதி சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால் ஒருமுறை அளந்தே முடிந்திருக்கும் என்று மாமா பகிடியாகச் சொல்வார்.

படித்த வெள்ளைக்காரரும் நம்மைவிடத் திறமாகச் செய்துவிடவில்லை. கக்டஸ் என்பதே பழைய கிரேக்கத்தில் ஏதோ ஒரு முட்செடியின் பெயர். ஒபுன்ஷியா என்பது ஓபஸ் என்ற கிரேக்க ஊரை ஒட்டி வந்த பெயர். இரண்டுமே அமெரிக்காவைக் கேள்விப்படாதவர்களின் சொற்கள். லின்னேயஸ் 1753இல் எல்லாவற்றையும் கக்டஸ் என்ற ஒரே பெட்டிக்குள் போட்டார். அடுத்த வருடமே மில்லர் ஒபுன்ஷியாவைத் தனியாகப் பிரித்தார். நம் நாகதாளியின் கதை இன்னும் சுவையானது. லண்டனுக்குப் பக்கத்தில் எல்தம் என்ற இடத்துத் தோட்டச் செடிகளை டில்லேனியஸ் என்பவர் வரைந்து 1732இல் புத்தகமாகப் போட்டார். அவர் நினைவாகத்தான் 1818இல் கெர் கோலர் இதற்கு டில்லேனியை என்று பெயர் வைத்தார். மறு வருடம் ஹாவர்த் அதை ஒபுன்ஷியா டில்லேனியை ஆக்கினார். இதே ஹாவர்த், அதற்கு முன்பே 1812இல், முள் குறைந்த ஒரு செடிக்கு ஒபுன்ஷியா ஸ்ட்ரிக்டா என்று பெயர் வைத்திருந்தார். 1969இல் பென்சன் என்ற அமெரிக்கர் வந்து, இரண்டும் இரண்டு இனமல்ல, ஒரே இனத்தின் இரண்டு வகைதான் என்றார். இன்றைக்கும் ஒரு புத்தகம் அப்படி, மற்றது இப்படி.

ஏன் இந்த இழுபறி? செடியின் சுபாவம் அப்படி. இலை மாதிரி இருப்பது இலையல்ல, தண்டு. பாடப் புத்தகத்தில் இலைத்தொழில் தண்டு என்று படித்திருப்பீர்கள். அதில் புள்ளி புள்ளியாக இருக்கும் ஒவ்வொரு கண்ணிலும் சுணையும் முள்ளும் வரும். ஒரு செடியில் கண்ணுக்கு ஏழெட்டு மஞ்சள் முள், இன்னொன்றில் ஒன்றிரண்டு, இன்னொன்றில் சில கண்கள் வெறுமை. நிழல், வெயில், தண்டின் வயது எல்லாவற்றுக்கும் மாறும். முள்ளை எண்ணிப் பெயர் வைக்கப் போனவர்கள் ஏமாந்தார்கள். இன்னொரு நாகதாளி இருக்கிறது, பிரேசில் பக்கத்தது. அதன் பெயர் மொனகந்தா. ஒற்றை முள் என்று அர்த்தம். அதன் அடித்தண்டைப் பார்த்தால் ஒரு கண்ணில் பத்து முள்ளும் நிற்கும்!

இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள்: தட்டு தடித்து, மஞ்சள் முள் மண்டிய டில்லேனியை, தட்டு மெல்லியதாய்ப் பளபளக்கும் மொனகந்தா. ஊரார் கண்ணுக்கு இரண்டும் நாகதாளி. கம்பனிக்காரன் கண்ணுக்கும் அப்படித்தான்.

அந்தக் காலத்தில் உலகத்தின் மிக நல்ல சிவப்புச் சாயம் கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து வந்தது. மெக்சிகோவில் நாகதாளியில் வளர்க்கப்படும் பூச்சி. ஒரு இறாத்தல் உலர்ந்த பூச்சிக்கு சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். வியாபாரம் முழுக்க ஸ்பெயின் கையில். பிரித்தானிய அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கும் அதுதான் சாயம். கிழக்கிந்தியக் கம்பனிக்கு வயிறெரிந்தது. சென்னையில் ஜேம்ஸ் அன்டர்சன் என்ற வைத்தியர் சைதாப்பேட்டைப் பக்கம் நாகதாளித் தோட்டம் போட்டுப் பூச்சிக்காகக் காத்திருந்தார். 1795இல் கெப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோவில் கொஞ்சம் பூச்சியை எடுத்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். கொச்சினீல் வந்துவிட்டது என்று சந்தோசம். வந்தது வேறு இனம். காட்டுப் பூச்சி. சாயம் மட்டம். ஆனால் மொனகந்தா நாகதாளியைப் போட்டுத் தின்று தீர்த்தது.

சாயத்துக்குத் தோற்ற பூச்சி வேறு வேலைக்கு உதவியது. 1860களில் தென்னிந்தியாவில் நாகதாளிக் காட்டை அழிக்க அதை வேண்டுமென்றே பரப்பினார்கள். 1865இல் அது இலங்கைக்கு வந்தது. ஒரு களையை அழிக்க ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பூச்சியைக் கொண்டுபோனதற்கு உலகத்திலேயே இதைத்தான் முதல் உதாரணமாகச் சொல்கிறார்கள். நம் நாடு இப்படி ஒன்றில் முதலாவதாக இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1896இல் இலங்கையில் பூச்சி ஆராய்ந்த கிரீன் என்பவர், இங்கே கண்டதால் அதற்கு சிலோனிகஸ் என்று பெயரிட்டார். தென்னமெரிக்காவில் பிறந்த பூச்சி இன்றுவரை உலகமெங்கும் இலங்கைப் பூச்சி. அகதியாய் வந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொள்வது மனிதருக்கு மட்டும் நடப்பதல்ல. புத்தளத்தில் எங்களை "மன்னாராக்கள்" என்றார்கள், மன்னாருக்குப் போனால் "புத்தளத்தாக்கள்".

சரி, நாகதாளி ஒழிந்ததா? மொனகந்தா ஒழிந்தது. டில்லேனியை அப்படியே நின்றது. சிலோனிகஸ் பூச்சியை அதன்மேல் விட்டால் அது பிழைக்காது. மனிதர் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிட்ட இரண்டு செடிகளையும் கடுகளவு பூச்சி பிரித்துக் காட்டியது. அதற்கு முள்ளெண்ணிக்கையும் தெரியாது, லின்னேயஸையும் தெரியாது. வாய்க்குள் போகும் சாறு அதன் செடியா இல்லையா, அவ்வளவுதான். 1920களின் நடுவில் வட அமெரிக்க வழியில் வந்த இன்னொரு பூச்சி, ஒபுன்ஷியே என்ற இனம், இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. 1926இல் இங்கிருந்து தென்னிந்தியாவுக்கும் போனது. டில்லேனியை அப்போதுதான் சுருண்டது. இடையில் போன அறுபது வருடத்துக்கு ஒரு பெரிய காரணம் பெயர்க்குழப்பம் என்பது என் எண்ணம்.

அவுஸ்திரேலியாவிலும் இந்தப் பாடம் படித்தார்கள். அங்கே 2 கோடி 40 இலட்சம் ஹெக்டேயரை நாகதாளி மூடியிருந்தது. 1920களில் ஆர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்த கக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியின் புழுக்கள் அதைச் சாய்த்தன. முள் குறைந்ததை ஒரு இனமாகவும் முள் கூடியதை இன்னொரு இனமாகவும் அங்கே எழுதி வைத்திருந்தார்கள். புழு இரண்டையும் தின்றது. ஆக, மொனகந்தாவையும் டில்லேனியையும் பிரிக்காமல் விட்டது பிழை. டில்லேனியையும் ஸ்ட்ரிக்டாவையும் பிரித்தது அநேகமாக வீண் வேலை. தென்னாபிரிக்காவின் குரூகர் பூங்காவில் இன்னும் நுணுக்கம். ஒபுன்ஷியே பூச்சி நாட்டில் முன்பே இருந்தும் ஸ்ட்ரிக்டா சாகவில்லை. ஒரே இனப் பூச்சிக்குள்ளேயே செடிக்கொரு ரகம் இருந்திருக்கிறது. 1997இல் அவுஸ்திரேலியாவிலிருந்து சரியான ரகத்தை எடுத்த பிறகுதான் வேலை நடந்தது.

ஒரு சின்ன விடயம், நம் வீடுகளுக்காக. ஜெலி, யோகட், இனிப்புப் பக்கட்டுகளில் ஈ120 என்று இருந்தால் அது இந்தக் கொச்சினீல் சாயம்தான். பூச்சியிலிருந்து வருவது. அதன் சட்டம் என்ன என்பதை உலமாக்களிடம் கேளுங்கள். நான் சொல்வது அது என்ன பொருள் என்பதை மட்டும்.

இலங்கையில் நாகதாளி முற்றாக ஒழியவில்லை. அம்பாந்தோட்டைப் பக்கம் பூந்தல பூங்காவில் இன்றும் அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு முள்மரமான புரோசோபிஸும்தான் பெரிய தலைவலி. யானையும் குரங்கும் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. வெட்டிப் போட்டால் வெட்டிய தட்டே வேர்விடும். எங்கள் காணியிலும் அதுதான் நடந்திருக்க வேண்டும். நட்ட வேலி சதுரக்கள்ளி. நாகதாளி யாரும் நடாமல் தானாக நகர்ந்து உள்ளே வந்தது. இருபது வருசம் வெட்ட ஆளில்லாத வளவில் அதற்கு யார் எல்லை சொல்வது?

வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டுப் பக்கம், கடற்கரை, மையவாடி, கோயில் வளவு எங்காவது "கள்ளி" என்று சொல்லப்படும் செடியைக் கண்டால் படம் எடுக்க வேண்டும். பால் வருகிறதா, ஒரு கண்ணில் எத்தனை முள், வெள்ளைப் பஞ்சு மாதிரி பூச்சி இருக்கிறதா என்று எழுத வேண்டும். பெரியவர்கள் அதை என்ன பெயரால் கூப்பிடுகிறார்கள் என்பதையும் கேட்டு வரவேண்டும். பால் கண்ணில் படக்கூடாது, சுணையை வெறுங்கையால் தொடக்கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன். செட்டிகுளம், பட்டாணிச்சூர், சாலம்பைக்குளம் பக்கம் உள்ளவர்கள், பிள்ளைகள் வந்து கேட்டால் கொஞ்சம் உதவுங்கள். உங்கள் பழைய உறுதிகளில் எல்லையாக ஏதாவது செடி எழுதியிருந்தால் அதன் பெயரை மட்டும் கீழே போடுங்கள், காணி விவரம் வேண்டாம்.