ஐஸ் ஹவுஸிலிருந்து அம்பத்தூர் வரை

மெரினாக் கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், 1842இல் பனிக்கட்டிக் கிடங்காக எழுப்பப்பட்டது. மாசச்சூசெட்ஸ் ஏரிகளில் அறுத்தெடுத்த பனிப்பாளங்களை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார் பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டூடர். 1833இல் கல்கத்தாவுக்கு அவர் அனுப்பிய முதல் சரக்கு 180 டன். உருகியது போகக் கரை சேர்ந்தது ஏறத்தாழ 100 டன். செயற்கைப் பனிக்கட்டி பரவியதும் அவ்வணிகம் மங்கிற்று. கடல் கடந்து வரவழைத்த அதே பொருள், இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் ‘பழுது’ என்னும் பெயரோடு உறைகிறது.

இந்தியாவில் கோத்ரேஜ் 1958இல் குளிர்பதனப் பெட்டி தயாரிக்கத் தொடங்கியது. பழைய ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் பனி கண்ணெதிரே வளரும். திருகியின் நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினால் கம்ப்ரசர் ஓய்ந்து பனி உருகும். அதற்குப் பொறுமையின்றிக் கத்தியால் குத்தி, அலுமினியச் சுவரைத் துளைத்து, கேஸை வெளியேற்றியவர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

பின்னர் வந்த ‘ஃப்ராஸ்ட் ஃப்ரீ’ பெட்டிகள் பனியை ஒழிக்கவில்லை. உறைபெட்டியின் பின்பலகைக்குள் மறைத்து வைத்தன. கதவைத் திறக்கும்போதெல்லாம் நம் ஊரின் ஈரக்காற்று உள்ளே புகுந்து, அங்குள்ள குளிர்ச்சுருளில் பனியாகப் படிகிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை டைமர் கம்ப்ரசரை நிறுத்தி ஹீட்டரை இயக்கும். பனி உருகிச் சுருள் சற்றே வெம்மையுற்றதும் பைமெட்டல் ஹீட்டரை அணைக்கும். நீர் குழாய்வழி இறங்கி, கம்ப்ரசர் அருகிலுள்ள தட்டில் ஆவியாகும்.

இவற்றுள் ஒன்று முடங்கினால் பனி சுருளை மூடி, விசிறியின் காற்று கீழ்த்தட்டுக்கு வருவது நின்றுவிடும். மேலே ஐஸ் கல்லாக இருக்க, கீழே பால் திரியும். இதைப் பார்த்ததும் “கேஸ் போயிடுச்சு” என்று சொல்லிவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. கேஸ் இறங்கிய பெட்டியைப் பிழைப்பு முடிந்ததாகக் கருதி, எக்ஸ்சேஞ்சில் தள்ளும் வீடுகளும் உண்டு. பூந்தமல்லிக்கு அப்பால் திருப்பெரும்புதூரில் புதிய பெட்டிகள் உற்பத்தியாகின்றன, வாங்குவதற்குத் தடையில்லை. ஆனால் மாதத் தவணையைச் சுமக்குமுன் ஒரு சோதனை செய்யலாம் என்பது நம் கருத்து.

மின்சாரத்தைத் துண்டித்து, கதவுகளைத் திறந்து, ஒருநாள் முழுதும் விட்டுவிடுங்கள். மீண்டும் இயக்கியபின் சில நாள்கள் நன்றாகக் குளிர்ந்து, பிறகு பழையபடி மந்தமானால், குறை பெரும்பாலும் பனி நீக்கும் உறுப்புகளில்தான். பலகையைக் கழற்றும் மெக்கானிக்கும் ஒரு தடயத்தைக் காண்பார்: சுருள் முழுவதும் பனி அப்பியிருந்தால் ஹீட்டர், டைமர், பைமெட்டல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும், ஓர் ஓரத்தில் மட்டும் பனி கட்டியிருந்தால் கேஸ் குறைவு எனலாம். புதிய பெட்டிகள் பலவற்றில் டைமருக்குப் பதிலாக மின்னணுப் பலகையும் சென்சாரும் உள்ளன. அங்கும் தடயம் இதுவே. அவற்றில் பலவும் ஐசோபியூட்டேன் என்னும் தீப்பற்றும் வாயுவைக் கொண்டவை. கத்தி அன்று பணத்துக்குத்தான் கேடு, இன்று உயிருக்கும்.

பைமெட்டலுக்கு இழைக்கப்படும் அநீதி ஒன்றையும் குறிப்பிட வேண்டும். குளிர்ந்தால் இணைந்து, வெம்மையில் பிரிவது அதன் இயல்பு. அறை வெப்பத்தில் மீட்டர் வைத்துப் பார்த்து, ‘ஓப்பன்’ என்று நல்ல பைமெட்டலைத் தூக்கியெறிகிறார்கள். நன்றாகக் குளிரவைத்த பிறகே அதைச் சோதிக்க வேண்டும்.