செஞ்சந்தனமும் எலியின் வலியும்

திருப்பதி, சித்தூர் பகுதியின் சேஷாசல மலைகளில் இயற்கையாக வளரும் செஞ்சந்தனத்தின் வைரக்கட்டையை நீர்விட்டு இழைத்து, தலைவலிக்கும் வீக்கத்துக்கும் பற்றிடுவது நெடுநாள் வழக்கம். இத்தகைய மருந்துகளை ஆய்வகம் சோதிக்கும் முறைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1941இல் டமூரும் ஸ்மித்தும் எலியின் வாலில் ஒளிவெப்பம் பாய்ச்சி, அது வாலை விலக்க எடுக்கும் நேரத்தை அளந்தனர். 1944இல் வுல்ஃபும் மெக்டொனால்டும் சுண்டெலியைச் சூடான தட்டில் விட்டு, பெத்திடின் என்னும் செயற்கை மருந்தைச் சோதித்தனர். மூளை, தண்டுவடம் வழியே வலியைத் தணிக்கும் மார்ஃபின் வகை மருந்துகளையே இம்முறைகள் நன்கு இனங்காணும். ஆஸ்பிரின் போன்ற வீக்கமடக்கிகளின் ஆற்றல் இவற்றில் பெரும்பாலும் புலப்படாது. 1962இல் வின்டர் குழுவினர் எலியின் பாதத்தில் காராஜீனன் செலுத்தி வீக்கத்தை அளந்த முறை, பற்றுமருந்தின் நோக்கத்துக்குச் சற்று நெருக்கமானது.

ஆகவே, ஒரு மூலிகை வலியை நீக்கியது அல்லது நீக்கவில்லை என்னும் முடிவைப் படிக்கையில், எந்தச் சோதனையில் என்று முதலில் கேட்க வேண்டும். தோலில் பூசுவதை வடிசாறாக்கி வாய்வழி புகட்டினால், அங்கே சோதிக்கப்படுவது மரபன்று, வேறொரு மருந்து. கேள்வி பிழைத்தால், எலி பட்ட வலியும், 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிலுள்ள அம்மரத்தின் கட்டையும் வீணே.