சேணத்துக்கு மேல் ஒரு மெத்தை



ஆரோவில் பக்கம் குதிரையேற்றம் பழகும் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "சார், ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தொடை உரிந்துபோகிறது. சேணத்துக்கு மேலே ஆட்டு ரோம உறை போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் இதெல்லாம் உண்டா?" வகுப்பில் கேட்டிருந்தால் மணி அடித்திருக்கும். இங்கே கொஞ்சம் நீட்டலாம்.

உண்டு. முதலில் இருந்ததே மெத்தைதான், சேணம் பிறகு வந்தது. பழங்காலத்தில் குதிரை முதுகில் தடித்த துணியையோ தோலையோ போட்டு வாரால் கட்டி ஏறிக்கொண்டார்கள். அந்த ஒரே விரிப்பு குதிரைக்கும் மனிதனுக்கும் சேர்த்து மெத்தை. சாஞ்சி ஸ்தூபச் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கால் கட்டைவிரலை நுழைக்க ஒரு வளையம் மட்டும் தொங்கும். அங்கவடியின் பாட்டி அதுதான்.

விரிப்பில் ஒரு குறை இருந்தது. ஆளின் முழுக் கனமும் குதிரையின் முதுகெலும்பு மேலேயே இறங்கும். அதற்காக வந்ததுதான் மரச்சட்டம் வைத்த சேணம். பல்லணம், கலனை என்றெல்லாம் நம் அகராதிகள் சொல்வதும் சேணத்தைத்தான். சட்டத்தின் இரு பலகைகளும் முதுகெலும்புக்கு இருபுறமும் சதைமேல் உட்காரும், நடுவில் எலும்பைத் தொடாமல் இடைவெளி நிற்கும். குதிரை பிழைத்தது. ஆனால் ஏறியவனுக்குக் கிடைத்தது கட்டை! அன்றிலிருந்து ஒரு மெத்தை இரண்டானது: குதிரைக்காகக் கீழே ஒன்று, நமக்காக மேலே ஒன்று.

கீழே போடுவதை ஆங்கிலேயர் 'நம்னா' என்பார்கள். அது இந்துஸ்தானியின் 'நம்தா', அதற்கு முன் பாரசீகச் சொல். ஆட்டு ரோமத்தைத் தறியில் நெய்யாமல், நனைத்து அழுத்தித் திரட்டிய தடித்த கம்பளி. ரோமம் வியர்வையை உறிஞ்சும், காற்றையும் விடும். நம் ஊர் வெயிலுக்குக் கம்பளியா என்று சிரிக்க வேண்டாம், சேணப்புண் வருவது வியர்வையும் உராய்வும் சேரும் இடத்தில்தான்.

குதிரைப் பராமரிப்பை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தென்னாடே சாட்சி. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரைகளைக் கடல்வழியாக வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். லாடம் அடிக்கவும் கவனிக்கவும் தெரிந்த ஆள் இல்லையாம். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம், அவர் பழக்கம் அது. ஆனால் பொன்னைக் கொட்டி வாங்கத் தெரிந்தவர்களுக்கு வைத்துக் காப்பாற்றத் தெரியவில்லை என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது.

மேல் உறைக்குப் பேர்போனவர்கள் ஐரோப்பாவின் ஹுஸார் குதிரைப்படையினர். ஹங்கேரியில் தோன்றிய படை அது. அவர்களுடைய சேணம் மரமும் இழுத்துக் கட்டிய தோலும்தான், பஞ்சு கிடையாது. அதன்மேல் ரோமத்தோடு முழு ஆட்டுத்தோலை விரித்து உட்கார்ந்தார்கள். பிரெஞ்சில் அதற்கு 'சப்ராக்', துருக்கியிலிருந்து போன சொல். மாணவி கேட்ட உறை இதன் பேத்திதான்.

நம் பக்கமும் ஹுஸார்கள் வந்தார்கள். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் லாலி பிரபுவிடம் இருந்த ஐரோப்பியக் குதிரைவீரர் சுமார் 300 பேரில் அவர்களும் உண்டு. ஆங்கிலேயர் பீரங்கி முன்னால் அந்தப் பாய்ச்சல் சிதறியது. அடுத்த ஜனவரிக்குள் புதுச்சேரியே வீழ்ந்தது. முற்றுகையின் கடைசி நாட்களில் பட்டினியால் யானை, ஒட்டகத்தோடு குதிரைகளையும் அறுத்துத் தின்றார்கள். பாடப்புத்தகத்தில் வெற்றி தோல்வி இருக்கும், இது இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பெரிய மனிதர்களின் மெத்தை பெரும்பாலும் குதிரைமேல் இல்லை, பல்லக்குக்குள் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கிடைத்த பெரிய மரியாதைகளில் ஒன்று, மேளதாளத்துடன் கவர்னர் மாளிகைக்குள் பல்லக்கிலேயே போகும் உரிமை. உள்ளே மெத்தையும் திண்டும், கீழே நான்கு தோள்களோ அதற்கு மேலோ. குதிரைக்காவது கீழே ஒரு நம்தா உண்டு. போகிகளின் தோளில் வெறும் கொம்பு.

பல்லக்குக்குப் பிறகு வந்தது புஷ்-புஷ் வண்டி. பிரெஞ்சில் 'பூஸ்-பூஸ்', தள்ளு தள்ளு என்று அர்த்தம். மெத்தை இருக்கையில் சாய்ந்துகொண்டு முன்சக்கரத்துக் கம்பியைப் பிடித்துத் திருப்புவது சவாரிக்காரர் வேலை, பின்னால் நின்று தள்ளுவது ஓர் ஆள். பழைய அஞ்சலட்டைகளில் பார்க்கலாம்: சவாரிக்காரர் முகம் தெளிவாக இருக்கும், தள்ளுபவர் முகம் பாதி மறைந்திருக்கும்.

மாணவிக்கு மட்டும் ஒன்று. உறை வாங்கிக்கொள், ஆனால் சேணம் குதிரைக்குப் பொருந்தவில்லையென்றால் மேலே எதைப் போட்டாலும் பயன் இல்லை. சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகைப் பார். வியர்வை இருபுறமும் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவே ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகமாக இருக்கலாம், பயிற்சியாளரிடம் உடனே காட்டு.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் புஷ்-புஷ் வண்டிப் படம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். தள்ளுபவர் முகம் தெரிகிற படமாக இருந்தால் இன்னும் நல்லது.