மன உளைச்சலும் மாரடைப்பும்

துக்கச் செய்தி கேட்டால் 'நெஞ்சு அடைக்கிறது' என்கிறோம்; பயந்தால் 'நெஞ்சு படபடக்கிறது' என்கிறோம். இவை வெறும் பேச்சு வழக்கல்ல. மனக்கவலை நரம்புகள் வழியே இதயத்தைத் தொடுகிறது.

நம் கட்டுப்பாடின்றி இயங்கும் நரம்பு மண்டலத்தில் இரு பிரிவுகள் உள்ளன. ஆபத்து வந்தால் பரிவு நரம்புகள் தூண்டப்படுகின்றன. சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடுகின்றன; இரத்தம் எளிதில் உறையும் நிலையை அடைகிறது. நாய் துரத்தும்போது இது நம்மைக் காப்பாற்றும். ஆபத்து நீங்கியதும் எதிர்ப்பரிவுப் பிரிவைச் சேர்ந்த வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கும்.

ஆனால் கடன், குடும்பத் தகராறு, வெளிநாட்டு வேலை பறிபோகுமோ என்ற அச்சம் ஆகியவை நாய் போல் விலகிப் போவதில்லை. மாதக்கணக்கில் நீடித்தால் கார்ட்டிசாலும் அதிகரித்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயரக்கூடும். தமனியில் ஏற்கெனவே கொழுப்பு படிந்தவருக்குக் கடும் கோபமோ அதிர்ச்சியோ அப்படிவை வெடிக்கச் செய்து, அங்கே இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம்.

கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004இல் வெளியானது. மாரடைப்பின் ஒன்பது முக்கியக் காரணிகளில் புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு மன உளைச்சலும் இடம்பெற்றது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருவதாகவும், மற்ற நாட்டினருக்கு அது ஏறக்குறைய 59 என்றும் அதே ஆய்வின் தரவுகள் 2007இல் காட்டின.

அடைப்பே இல்லாமலும் அதிர்ச்சி இதயத்தைத் தாக்கும். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதற்கு 'டகோட்சுபோ' என்று பெயரிட்டனர். ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப் போல இதயத்தின் கீழறை உப்பிவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களையே இது அதிகம் பாதிக்கிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகின்றனர்.

ஆகவே, வீட்டில் ஒரு தாய் நெஞ்சு வலிக்கிறது என்றால் 'கவலைதான்', 'கேஸ்தான்' என்று ஒதுக்காதீர்கள். நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் உடனே 108ஐ அழையுங்கள். புதுச்சேரியில் இருப்போருக்குக் கோரிமேட்டில் ஜிப்மரின் அவசரப் பிரிவு இரவும் பகலும் இயங்குகிறது. ஈசிஜி எடுத்துப் பார்க்காமல் அது கவலையா, மாரடைப்பா என்று யாராலும் சொல்ல முடியாது.

தினமும் நடைப்பயிற்சி, போதிய உறக்கம், மனம் விட்டுப் பேச ஒருவர், நிதானமான தொழுகை ஆகியவை மனதின் இறுக்கத்தைத் தளர்த்தும். ஆனால் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்பது என்பது மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவதல்ல. மருந்தையும் உட்கொண்டு, பாரத்தையும் அவனிடம் ஒப்படைப்போம்.