ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியமும் மொழியியலும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில், 1636-இல் நிறுவப்பட்ட ஹார்வர்ட் ஒரு தனியார் பல்கலைக்கழகம். ஒப்பிலக்கியமும் மொழியியலும் அங்கே இரு வேறு துறைகள். ஒன்றில் காவியம், நாவல், மொழிபெயர்ப்பு, இலக்கியக் கோட்பாடு. மற்றதில் ஒலியனியல், தொடரியல், பொருண்மையியல், வரலாற்று மொழியியல். ஆனாலும் இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்குப் போன முக்கியமான இலக்கிய ஆய்வுகளில் சில, இந்த வேலியைப் பொருட்படுத்தாதவர்கள் செய்தவை.

ஒப்பிலக்கியத்துக்கென ஒரு பேராசிரியர் பதவி 1890-களிலேயே அங்கு இருந்தது. தனித்துறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. ஆரம்பகால வேலை பெரும்பாலும் இடைக்கால ஐரோப்பிய இலக்கியத்தில் எந்தக் கதை எங்கிருந்து எங்கே போனது என்று தடம் தேடுவதுதான். இன்று படிப்பவருக்கு அலுப்பூட்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஹாரி லெவினும், இத்தாலியிலிருந்து வந்த ரெனாட்டோ போஜியோலியும் துறையின் முகத்தை மாற்றினார்கள். உலக இலக்கியம் என்ற கருத்தை அண்மைக் காலத்தில் மீண்டும் விவாதத்துக்குக் கொண்டுவந்த டேவிட் டாம்ராஷ், 2009 முதல் இத்துறையைச் சேர்ந்தவர்.

ஆனால் பெரிய திருப்பத்துக்கு விதை போட்டவர் ஒப்பிலக்கியத் துறையில் இருந்தவர் அல்லர். மில்மன் பாரி கிரேக்க, லத்தீன் செவ்வியல் ஆசிரியர். பாரிஸில் மொழியியலாளர் அந்துவான் மெய்யேவின் தொடர்பில் ஆய்வை முடித்துவிட்டு, 1929-இல் ஹார்வர்டுக்கு வந்தார். ஹோமரின் காவியங்களில் ஒரே அடைமொழிகளும் தொடர்களும் திரும்பத் திரும்ப வருவது ஏன் என்பது அவருடைய கேள்வி. ஏட்டில் விடை தேடியது போதாமல், 1933-க்கும் 1935-க்கும் இடையில் யூகோஸ்லாவியாவின் ஊர்களுக்குப் போய், வீரக்கதை பாடுபவர்களை அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். அவர்களில் அவ்தோ மெஜெதோவிச் என்பவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். கசாப்புத் தொழில் செய்தவர். அவர் சொல்லச் சொல்ல எழுதிய ஒரு கதைப்பாடல் 12,000 அடிகளைத் தாண்டியது. பாடகர் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதில்லை, யாப்புக்குப் பொருந்தும் வாய்பாடுகளைக் கொண்டு பாடும்போதே பாட்டைக் கட்டுகிறார் என்பது இந்தப் பயணங்களில் கண்கூடானது.

1935 டிசம்பரில், 33-ஆம் வயதில், துப்பாக்கிக் குண்டு பாய்ந்து பாரி இறந்தார். உடன் சென்றிருந்த மாணவர் ஆல்பர்ட் லார்ட் அந்த வேலையைத் தொடர்ந்தார். பின்னாளில் ஹார்வர்டில் ஸ்லாவிய, ஒப்பிலக்கியப் பேராசிரியரான அவர் 1960-இல் வெளியிட்ட ‘கதைப் பாடகர்’ என்ற நூல் வாய்மொழிக் காவிய ஆய்வுக்கு அடித்தளமானது. பாரியின் பதிவுகள் இன்றும் ஹார்வர்டின் வசம் இருக்கின்றன.

பாரியும் லார்டும் வகுத்த இந்த வாய்மொழிக் கோட்பாடு தமிழுக்கும் வந்தது. இலங்கையைச் சேர்ந்த க. கைலாசபதி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களை வாய்மொழி வீரயுகக் கவிதைகளாகக் காட்டினார். அந்த ஆய்வு 1968-இல் ஆங்கில நூலாக வந்தது. ஹார்வர்டில் சமஸ்கிருதம் பயின்று முனைவரான ஜார்ஜ் எல். ஹார்ட் இதை அப்படியே ஏற்கவில்லை. சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாணர் மரபை முன்மாதிரியாகக் கொண்டு எழுத்தறிந்த புலவர்கள் பாடியவை என்பது 1975-இல் வந்த அவருடைய நூலின் நிலைப்பாடு. நீண்ட கதைப் பாடல்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை, பத்து இருபது அடிகளில் முடியும் புறநானூற்றுப் பாட்டுக்குத் தொளதொளப்பாகவே இருக்கிறது. ஹார்ட் சொல்வதே பொருத்தம்.

மொழியியல் பக்கத்திலிருந்து இலக்கியத்துக்கு வந்தவர்களில் முதன்மையானவர் ரோமன் யாகப்சன். ரஷ்யாவில் பிறந்து, பிராகில் பெயர் பெற்று, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த அவர், 1949 முதல் 1967 வரை ஹார்வர்டில் ஸ்லாவிய இலக்கியமும் பொது மொழியியலும் கற்பித்தார். கவிதையியல் மொழியியலின் ஒரு பகுதி என்று வாதிட்ட அவருடைய கட்டுரை 1960-இல் அச்சேறியது. கால்வெர்ட் வாட்கின்ஸ் வேறு வழியில் போனார். நாயகன் பாம்பைக் கொல்லும் கதை வேதம், கிரேக்கம், ஹிட்டைட், ஐரிஷ் நூல்களில் எந்தச் சொற்களால் சொல்லப்படுகிறது என்று ஒப்பிட்டு, அவற்றின் பின்னால் பொதுவான இந்தோ-ஐரோப்பிய வாய்பாடு ஒன்று இருந்ததென 1995-இல் ஒரு பெரிய நூல் எழுதினார்.

இன்று ஹார்வர்டில் இளநிலை மாணவர் ஒப்பிலக்கியம், மொழியியல் இரண்டையும் இணைத்துப் படிக்கலாம். இணைப்புப் பாடமாக எடுத்தால், இரண்டும் சேரும் ஆய்வேடு ஒன்றை இறுதியில் எழுத வேண்டும். ஒப்பிலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்கு வருபவர் பல மொழிகளை மூலத்திலேயே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கட்டணம் மிக அதிகம். ஆயினும் இளநிலைச் சேர்க்கையில் வெளிநாட்டவர் உட்பட யாருடைய பணவசதியும் பார்க்கப்படுவதில்லை. 2025-26 கல்வியாண்டு முதல், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வரை உள்ளவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை.

ஹார்வர்டில் தமிழுக்கென ஒரு பேராசிரியர் பதவியும் உண்டு. அந்தத் தமிழ் இருக்கைக்குத் தேவையான 60 லட்சம் டாலர் 2018-இல் திரண்டது. அதில் தமிழ்நாட்டு அரசு தந்தது 10 கோடி ரூபாய். ஆனால் அந்த இருக்கை இவ்விரு துறைகளிலும் இல்லை, தெற்காசியவியல் துறையில் இருக்கிறது. அதன் முதல் பேராசிரியர் மார்த்தா ஆன் செல்பி, தமிழ், பிராகிருத, சமஸ்கிருதக் காதல் பாடல்களை ஒருங்கே வைத்துப் படித்து நூல் எழுதியவர். ஹார்வர்டில் தமிழை ஒப்பிட்டுப் படிக்க விரும்புகிறவர் இந்த மூன்று துறைகளின் பாடப் பட்டியலையும் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.