மேட்டூர் அனலும் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையும்

2012ஆம் ஆண்டில் ஒரு மாலை நேரம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் வீட்டை அடுத்த வெள்ளிப் பட்டறையில் விளக்கணைந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கம்பி இழுக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. பாதி முடிந்த கொலுசுகள் தட்டில் கிடந்தன. பட்டறைப் பெரியவர் என்னைப் பார்த்து, "வாத்தியாரய்யா, மேட்டூரிலே ராப்பகலாகக் கரி எரியுது. பக்கத்திலே இருக்கிற நமக்கு ஏன் இருட்டு?" என்று கேட்டார். அன்று நான் கூறிய விடை அவருக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. அக்கேள்வியைத் தொடர்ந்து நான் அறிந்த வரலாற்றையே மாணவ நண்பர்களே, இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. 1937இல் அங்கே நீர்மின் உற்பத்தி தொடங்கிற்று. ஆயினும் அணையின் முதற்கடமை பாசனமே. வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். மதகு மூடினால் மின்சாரம் குறையும். மழை பொய்த்தாலோ இன்னும் குறையும். எனவே மழையை நம்பியிராத மின்சாரம் தேவையாயிற்று. அந்த நீர்த்தேக்கத்தின் அருகிலேயே நிலக்கரியால் இயங்கும் அனல்மின் நிலையம் எழுந்தது. ஒவ்வொன்றும் 210 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகளில் இரண்டு 1987இலும், ஒன்று 1989இலும், மற்றொன்று 1990இலும் இயங்கத் தொடங்கின.

இந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். சுதந்திரம் பெற்றபோது இந்தியாவின் மின் உற்பத்தித் திறன் 1,362 மெகாவாட்தான். ஐந்தாண்டுத் திட்டங்கள் 1951இல் தொடங்கியபின், ஒவ்வொரு திட்டத்திலும் இவ்வளவு சேர்ப்போம் என்று தேசம் இலக்குக் குறித்தது. முதல் திட்டத்தில் 1,300 குறித்து 1,100 மெகாவாட் சேர்த்தோம். மூன்றாம் திட்டத்தில் 7,040 குறித்து 4,520ஐயே எட்டினோம். 1985 முதல் 1990 வரையிலான ஏழாம் திட்டத்திலோ 22,245 குறித்து 21,401 மெகாவாட் சேர்த்தோம், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு! மேட்டூரின் 840 மெகாவாட்டும் அந்த வெற்றியில் அடங்கும்.

அவ்வேகம் நிலைக்கவில்லை. எட்டாம் திட்டத்தில் 30,538 குறித்து 16,423. ஒன்பதாம் திட்டத்தில் 40,245 குறித்து 19,015. எதிர்பார்த்த தனியார் முதல் போதிய அளவில் வரவில்லை. மாநில மின் வாரியங்களின் நிதிநிலையும் நலிந்திருந்தது. கட்டப்படாத நிலையம் அன்றே எவர் கண்ணிலும் படுவதில்லை. தேவை வளர்ந்தபின், பல ஆண்டுகள் கழித்தே, அதன் குறை இருளாக வந்து நிற்கிறது.

நிலையத்தைக் கட்டிவிட்டால் மட்டும் போதுமா? ஆண்டுதோறும் இத்தனை யூனிட் உற்பத்தி செய்யவேண்டும் என்று மற்றோர் இலக்கும் உண்டு. 840 மெகாவாட் ஒரு நாள் முழுதும் ஓய்வின்றி ஓடினால் ஏறத்தாழ இரண்டு கோடி யூனிட் கிடைக்கும். ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கணக்கிட்டாலும் நாளொன்றுக்குப் பதினாலாயிரம் டன் நிலக்கரி வேண்டும். அதாவது நாள்தோறும் நான்கு சரக்கு ரயில்கள். ஒடிசாவின் சுரங்கத்தில் வெட்டிய கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, மீண்டும் ரயிலேறி மேட்டூர் சேரவேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் இலக்கு தவறும். 2012 மே மாதத்தில், மேட்டூரில் கரியை ஏந்திச் செல்லும் பட்டையில் தீப்பற்றி உற்பத்தி பாதிக்கப்பட்டதும் அவ்வாறே.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். மேட்டூர் மின்சாரம் மேட்டூருக்கோ சேலத்துக்கோ மட்டும் உரியதன்று. அது பொதுவான மின்தொகுப்பில் கலந்துவிடுகிறது. அங்கே பற்றாக்குறை நேர்ந்தால் அடுத்த ஊர், அயலூர் என்ற வேறுபாடு இல்லை. ஓராண்டு கழித்து, 2013இல், மேட்டூரிலேயே 600 மெகாவாட் திறனுள்ள புதிய அலகு சேர்ந்தது.

இன்று கதிரவனும் காற்றும் மின்சாரம் தருகின்றன. வெயில் மிகுந்த நண்பகலில் அனல் நிலையத்தின் உற்பத்தியைக் குறைத்து, மாலையில் கூட்டவேண்டியிருக்கிறது. ஆகவே உற்பத்தி இலக்குக் குறைந்த ஆண்டெல்லாம் தோல்வி ஆண்டு அன்று. இலக்கை எட்டிய ஆண்டிலும் புகையும் சாம்பலும் நாம் கொடுக்கும் விலையே. தேவைப்படும் நேரத்தில் மின்சாரம் கிடைத்ததா என்பதே உண்மையான சோதனை.

இவற்றையெல்லாம் பின்னொரு நாள் பெரியவரிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ, இருபது வருஷத்துக்கு முன்னே கட்டாமல் விட்டதுக்கு நான் கூலி இழந்தேன்னு சொல்லுங்க" என்றார். அதைவிடச் சுருக்கமாக இவ்வரலாற்றை நான் எங்கும் கேட்டதில்லை. நண்பர்களே, இனி ஓர் இலக்கின் எண்ணைப் படிக்கும்போது, அதன் பின்னே நின்றுபோன இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் ஒரு தொழிலாளியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.