இரண்டாம் பாதி

ஒரு பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். டொரன்டோவில் இருக்கிற அக்கா மகள் விடுமுறைக்கு வந்தபோது, கிளம்புகிற அன்றைக்குத் தபாலில் வந்ததென்று பிரிக்காமலே அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். “சித்தி, உங்க முன்னாடிதான் பிரிக்கணும்னு வச்சிருந்தேன்” என்றாள். கத்தரியால் நாடாவை வெட்டி, சரசரக்கும் காகிதத்தை விலக்கி, ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். வாசனை மெழுகுவர்த்தி, பக்கம் வைக்கும் அட்டை, ஏதோ கதாபாத்திரம் வரைந்த துணிப்பை, கடைசியாக ஓரங்களில் வண்ணம் தீட்டிய கெட்டி அட்டை நாவல், எழுத்தாளரின் கையெழுத்தோடு. எந்தப் புத்தகம் வருமென்று அவளுக்கு முன்கூட்டித் தெரியாது. மாதாமாதம் பணம் கட்டுவதே அந்தத் தெரியாமைக்காகத்தான்.

அவள் சந்தோஷம் பொய்யில்லை. ‘நுகர்வுக் கலாச்சாரம்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போவது நமக்குக் கைவந்த கலை. எனக்கு அந்த வார்த்தை போதவில்லை. தேர்ந்தெடுக்கும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வந்ததைப் பரிசுபோலப் பிரிக்கிற இந்த வாசக நிலை எப்படி உருவாக்கப்பட்டது?

பதின்பருவத்தினருக்கான இத்தகைய பெட்டிகள் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெருகின. கனடாவின் ஆவுல்கிரேட் 2015இல் தொடங்கியது. ஆனால் புத்தகமும் இனிப்பும் ஒரே பெட்டிக்குள் வந்த கதை அதைவிட நூறு வருஷம் பழையது. விளம்பரத் துறையில் எழுத்தராக இருந்த ஹாரி ஷெர்மன், 1916 வாக்கில், உள்ளங்கை அளவுச் செவ்விலக்கியப் பதிப்புகளை விட்மன் சாக்லேட் பெட்டிகளோடு சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்தார். அதே ஷெர்மன்தான் 1926இல் நியூயார்க்கில் ‘புக் ஆஃப் தி மன்த் கிளப்’பைத் தொடங்கினார். ஐந்து பேர் கொண்ட நடுவர் குழு மாதம் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும். தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பார். முதல் புத்தகம் சில்வியா டவுன்செண்ட் வார்னரின் நாவல். அப்போது உறுப்பினர்கள் 4,750 பேர். அந்த வருஷம் முடிவதற்குள் 40,000 பேரைத் தாண்டிவிட்டது.

ஆரம்பத்தில் பிடிக்காத புத்தகங்களை நிறையப் பேர் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அடுத்த புத்தகம் இன்னதென்று முன்னதாகச் சீட்டு வரும். வேண்டாமென்றால் உடனே எழுதிப் போட வேண்டும். எழுதாவிட்டால் புத்தகம் வந்துவிடும், கூடவே பில்லும். மௌனம் சம்மதம்! நம் பழமொழியை அவர்கள் வியாபார விதியாகவே ஆக்கிவிட்டார்கள். இந்த முறையை ஒழுங்குபடுத்த அமெரிக்க அரசு 1973இல் தனி விதி கொண்டுவர வேண்டியிருந்தது.

இப்படி மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்ளும் அமைப்பில் தேர்வுக் குழுவின் அதிகாரம் அச்சாவதற்கு முன்பே பிரதிக்குள் நுழைந்துவிடுகிறது. ரிச்சர்ட் ரைட்டுக்கு அதுதான் நடந்தது. 1940இல் அவருடைய ‘நேட்டிவ் சன்’ நாவலைக் கிளப் எடுத்துக்கொண்டபோது, சில காட்சிகளை மாற்றச் சொன்னது. மாற்றினார். மூன்று வாரத்தில் 2 இலட்சத்துக்கும் மேல் விற்றது. அடுத்து அவருடைய தன்வரலாறு. தெற்கின் நிறவெறியில் கழிந்த சிறுபருவம் முதல் பாதி; சிகாகோவில் கண்ட நிறவெறி, பசி, கம்யூனிஸ்ட் கட்சிக்குள் பட்ட அனுபவங்கள் இரண்டாம் பாதி. கிளப்புக்கு முதல் பாதி போதுமாம். நடுவர் டாரதி கேன்ஃபீல்ட் ஃபிஷர், அமெரிக்க இலட்சியங்களுக்கு நன்றி சொல்லும் தொனியில் முடிவில் ஏதாவது சேர்க்க முடியுமா என்று கேட்டு எழுதினார். அந்தத் துதியை ரைட் எழுதித் தரவில்லை. பாதியை வெட்டச் சம்மதித்தார்.

1945இல் ‘பிளாக் பாய்’ வந்தது. வடக்கு நோக்கிய பயணத்தோடு, நம்பிக்கையோடு புத்தகம் முடிகிறது. அந்த வடக்கு எப்படி இருந்தது என்று சொல்கிற பக்கங்கள் பெட்டிக்குள் வரவில்லை. கொடுமை தெற்கில்தான், வடக்கில் விடுதலை என்கிற பொதுப்புத்தியை, அதை உடைக்க எழுதப்பட்ட பிரதியைக் கொண்டே காப்பாற்றிக்கொண்டார்கள். இரண்டாம் பாதி தனி நூலாக வந்தது 1977இல். ரைட் செத்துப் பதினேழு வருஷம் கழித்து. இரண்டும் சேர்ந்து முழுசாக வந்தது 1991இல்.

முதலாளித்துவக் கிளப் இப்படித்தான் செய்யும் என்று தோழர்கள் நிம்மதியடைய வேண்டாம். லண்டனில் விக்டர் கொலான்ஸ் 1936இல் தொடங்கிய ‘லெஃப்ட் புக் கிளப்’ ஆரஞ்சு அட்டைப் புத்தகங்களை இரண்டரை ஷில்லிங்குக்கு மாதாமாதம் அனுப்பியது. 1939இல் 57,000 உறுப்பினர்கள். ஜார்ஜ் ஆர்வெலின் ‘தி ரோடு டு விகன் பியர்’ 1937இல் அதில் வந்தது. சுரங்கத் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் முதல் பாதியில் சிக்கலில்லை. நடுத்தரவர்க்க சோசலிஸ்டுகளைக் கேள்வி கேட்ட இரண்டாம் பாதிக்குத்தான் கொலான்ஸ் மறுப்பு முன்னுரை எழுதிச் சேர்த்தார். முதல் பாதியை மட்டும் தனிப் பதிப்பாகவும் போட்டார். இங்கேயும் இரண்டாம் பாதிதான் இடித்தது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் போனால் அநியாயம். அந்தக் கிளப்புக்கு 1,000க்கும் மேற்பட்ட வாசகர் வட்டங்கள் இருந்தன. வந்த புத்தகத்தோடு கூடி உட்கார்ந்து சண்டை போட்டார்கள். அதற்கு முன்பே, 1924இல் லைப்சிக்கில், ஜெர்மன் அச்சுத் தொழிலாளர்கள் தங்கள் சங்கம் வழியாகவே ‘பூஷர்கில்ட குட்டன்பர்க்’ என்ற புத்தகக் கூட்டமைப்பைக் கட்டினார்கள். அச்சடித்தவர்களே வாசகர்களாகவும் இருந்தார்கள். நாஜிகள் 1933இல் அதைக் கைப்பற்றியது தற்செயல் அல்ல.

சிறுபத்திரிகை நடத்துகிற நாமும் சந்தாவில் ஓடுகிறவர்கள்தான். எதைப் போடுவது, எதை ‘இப்போது வேண்டாம்’ என்று ஒதுக்குவது என்று இரண்டு மூன்று பேர் டீக்கடையில் முடிவு செய்கிறோம். பக்கமில்லை என்று எத்தனை இரண்டாம் பாதிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்? திருப்பி அனுப்பியதை வாசகருக்குச் சொல்லியிருக்கிறோமா?

ரைட் கதையை அக்கா மகளிடம் சொன்னேன். மெழுகுவர்த்தியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டவள், “பாதிதான் வந்திருக்குன்னு அப்ப வாங்கினவங்களுக்குத் தெரியுமா சித்தி?” என்றாள். சில பகுதிகள் பத்திரிகைகளில் வந்திருந்தன, தேடிப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்குத் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, பெட்டியோடு வந்திருந்த அட்டையைத் திருப்பி, இந்தப் புத்தகத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று எங்காவது போட்டிருக்கிறதா எனத் தேடத் தொடங்கினாள்.